நள்ளிரவுக்குப் பின் மட்டும் தோற்கும் சோதனை: வெளிச் சேவைகளை அழைக்கும் பேட்ச் வேலைகளில் பிழை தேடும் முறை

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விடியும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடுகிறது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பூக் கொண்டுவரும் விவசாயிகளுக்கு அன்றைய தொடக்க விலையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் நிரல் ஒன்றை இந்தப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வோம். அதிகாலை 4 மணிக்கு அது தானாக இயங்கத் தொடங்கி, மல்லிகை, பிச்சி, முல்லை எனப் பட்டியலில் உள்ள பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து, விலை தரும் ஒரு வெளிச் சேவையை அழைத்து, கிடைத்த விலையைச் செய்தி அனுப்பும் மற்றொரு சேவையிடம் ஒப்படைக்கிறது. திரைக்கு முன் யாரும் அமர்ந்திராத நேரத்தில், ஒரு தொகுதியை முதலிலிருந்து கடைசிவரை தானே செய்து முடிக்கும் இவ்வகை நிரலையே பேட்ச் வேலை என்கிறோம்.

இதற்கு எழுதிய யூனிட் டெஸ்ட்கள், அதாவது நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சரிபார்க்கும் சோதனைகள், தோற்கும்போது, அல்லது ஒரு நாள் தேறி மறுநாள் தோற்கும்போது, எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதே தொடக்க நிலையில் உள்ளவர்களின் திகைப்பு. பைத்தான் மொழியிலும் பைடெஸ்ட் கருவியிலும் சிறிது பழக்கம் இருந்தால் கீழே வருவதைப் பின்தொடரலாம்.

முதலில், தோற்ற சோதனையைத் தனியாக இயக்குங்கள்

நூறு சோதனைகள் ஓடி நான்கு தோற்றிருந்தால், நான்கையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டாம். கடந்தமுறை தோற்றவற்றை மட்டும் இயக்கவும், முதல் தோல்வியிலேயே நிற்கவும் பைடெஸ்டில் விருப்பங்கள் உள்ளன. அந்த ஒரு சோதனை தனியாக இயங்கும்போது தேறிவிட்டால், அதற்கு முன் ஓடிய வேறொரு சோதனை எதையோ மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று பொருள். நினைவில் சேர்த்து வைத்த விலைப் பட்டியலோ, எல்லாச் சோதனைகளும் பகிர்ந்துகொள்ளும் இணைப்போ காரணமாக இருக்கும். தனியாகவும் தோற்றால், பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படித்து, தவறு நிரலில் உள்ளதா, உண்மையான சேவைக்குப் பதிலாகச் சோதனைக்கென நாம் செய்து வைத்த போலியில் உள்ளதா, வெளியுலகிலிருந்து வருகிறதா என்று பிரிக்க வேண்டும். இனி வரும் படிகள் எல்லாம் இந்தப் பிரிப்புக்காகத்தான்.

இணையத்தைத் துண்டியுங்கள்

கணினியின் வைஃபையை அணைத்துவிட்டுச் சோதனைகளை மறுபடி இயக்குங்கள். இதுவரை தேறியவை இப்போது தோற்றால், அவை போலியைக் கொண்டு ஓடவில்லை. உண்மையான சேவையையே அழைத்து வந்திருக்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சோதனையை இயக்கியபோது உண்மையான எண்களுக்கே செய்திகள் போய்ச் சேர்ந்தன. விடியற்காலையில் தவறான விலையைப் படித்தவர்கள் அதை நம்பிப் பூ ஏற்றி வந்திருக்கக்கூடும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் கையால் அணைப்பதை விட, பைடெஸ்ட்-சாக்கெட் என்னும் செருகுநிரலைச் சேர்த்து, சோதனை நேரத்தில் எந்த வெளித்தொடர்பும் நிகழாதபடி நிரந்தரமாகப் பூட்டிவிடுவதையே நான் வற்புறுத்துவேன்.

போலியைச் சரியான இடத்தில் வைத்தீர்களா?

போலி வைத்த பிறகும் வெளியே அழைப்பு போகிறது என்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றே. உங்கள் நிரல் கோப்பு, இணையச் சேவைகளை அழைக்க உதவும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்திலிருந்து கெட் என்னும் ஃபங்ஷனை மட்டும் பெயர் சொல்லி இறக்குமதி செய்திருந்தால், அந்தப் பெயர் இப்போது உங்கள் கோப்புக்குச் சொந்தமாகிவிட்டது. கடையின் எண்ணைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவர், வாசல் பலகையில் எண்ணை மாற்றினாலும் குறிப்பேட்டில் உள்ள எண்ணுக்கே அழைப்பார் அல்லவா? அதுபோல, நூலகத்தில் போலியை வைத்தால் பயனில்லை. உண்மையின் இடத்தில் போலியை வைக்கும் பேட்ச் என்னும் கட்டளைக்கு உங்கள் கோப்பின் பெயரையும் அதனுள் உள்ள கெட்டையும் சேர்த்துத் தர வேண்டும். பேட்ச் வேலைக்கும் இந்தப் பேட்ச் கட்டளைக்கும் பெயர் ஒலியைத் தவிர வேறு தொடர்பு இல்லை.

எதற்கும் தலையாட்டும் போலி

போலி செய்வதற்கென்றே பைத்தானில் உள்ள மாக் பொருளிடம் எந்தப் பண்பைக் கேட்டாலும், நாம் எதையும் அமைத்திராவிட்டால், அது மற்றொரு மாக் பொருளைத் தரும். இவ்வாறு கிடைக்கும் பொருள் நிபந்தனைச் சோதனையில் உண்மை என்றே கொள்ளப்படும். பூம்பூம் மாடுபோல அது எல்லாவற்றுக்கும் ஆம் என்கிறது. பதில் நலமா என்று ஓகே என்னும் பண்பைப் பார்த்து நிரல் முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போலிப் பதிலின் நிலை எண்ணை மட்டும், சேவை முடங்கியதைக் குறிக்கும் 503 என்று அமைத்துவிட்டு ஓகேயை அமைக்க மறந்தால், சேவை முடங்கிய நிலையிலும் நிரல் வெற்றிப் பாதையிலேயே செல்லும். ஆட்டோஸ்பெக் என்னும் வசதி எழுத்துப்பிழையுள்ள பெயர்களையும் தவறான அளவுருக்களையும் பிடிக்குமே தவிர, இந்தத் தலையாட்டலை நிறுத்தாது. ஆகவே மாக்குக்குப் பதிலாக, ரிக்வெஸ்ட்ஸின் உண்மையான ரெஸ்பான்ஸ் பொருளையே உருவாக்கி நிலை எண்ணை 503 ஆக்குங்கள். ஓகேயின் மதிப்பு அதிலிருந்து தானே கணக்கிடப்படும். ரெஸ்பான்சஸ் என்னும் நூலகம் இதை எளிதாக்குகிறது.

இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் வைக்க வேண்டும். ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் 503 வந்ததற்காகத் தானாகப் பிழை எழுப்பாது. அதை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும். காலவரம்பு கொடுக்காவிட்டால் பதிலுக்காக எல்லையின்றிக் காத்திருக்கும். காலவரம்பு அனுப்பப்பட்டதா என்பதையும் ஒரு சோதனை சரிபார்க்கட்டும்.

மூன்று பூக்கள், நடுவில் ஒரு தோல்வி

பேட்ச் வேலையின் இயல்பு வெளிப்படும் இடம் இதுதான். இதில் பொறுமையாக நில்லுங்கள். மல்லிகைக்கு விலை கிடைக்கிறது, பிச்சிக்கு 503 வருகிறது, முல்லைக்கு விலை கிடைக்கிறது. பிச்சியின் தோல்வி முல்லையைத் தடுக்கக்கூடாது என்பதே நமது எதிர்பார்ப்பு. தொடக்கநிலையினர் பலரும், போலி என்ன பதில் தர வேண்டும் என்று சொல்லும் சைட் எஃபெக்ட் என்னும் அமைப்பில் விலை, 503, விலை என்று மூன்று பதில்களை வரிசையாக அடுக்குவார்கள். சோதனை தோற்கும், முல்லைக்கு விலை வரவில்லை என்று பதிவேடு காட்டும், நிரலின் வளையத்தில்தான் குற்றம் என்று நாள் முழுவதும் தேடுவார்கள்.

நடந்தது வேறு. பிச்சிக்கு 503 வந்ததும் நிரல் ஒருமுறை மறுமுயற்சி செய்கிறது. அந்த மறுமுயற்சி, முல்லைக்காக வைத்திருந்த மூன்றாவது பதிலை எடுத்துக்கொள்கிறது. முல்லையின் முறை வரும்போது பட்டியல் காலியாகிவிட, மாக் ஸ்டாப்இட்டரேஷன் என்னும் பிழையை எழுப்புகிறது. எல்லாப் பிழைகளையும் பிடிக்கும் பரந்த எக்ஸெப்ட் வரி நிரலில் இருந்தால், அதுவும் ஒரு சாதாரணச் சேவைத் தோல்வியாகப் பதிவேட்டில் அடங்கிவிடும். போலியில் உள்ள தவறு நிரலின் தவறாக வேடமிட்டு நிற்பது இப்படித்தான். வரிசைப் பட்டியலை விட்டுவிட்டு, எந்தப் பூவைக் கேட்கிறார்கள் என்று பார்த்துப் பதில் தரும் சிறிய ஃபங்ஷனை சைட் எஃபெக்டாகக் கொடுங்கள். பிச்சியை எத்தனை முறை கேட்டாலும் 503, முல்லையை எப்போது கேட்டாலும் விலை. பரந்த எக்ஸெப்ட் வரியையும் சேவை சார்ந்த பிழைகளுக்கு மட்டுமாகச் சுருக்குங்கள்.

முகூர்த்த நாள்களில் எல்லோரும் விலை கேட்பதால் அழைப்புகள் அளவுக்கு மீறிவிட்டன என்று பொருள்படும் 429 என்னும் நிலை எண்ணைச் சேவை அனுப்பி, எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்று ரீட்ரை-ஆஃப்டர் தலைப்பில் சொல்லக்கூடும். சோதனையில் உண்மையாகவே உறங்க வேண்டாம். ஸ்லீப்புக்கும் போலி வைத்து, சொன்ன விநாடிகள் அதற்குத் தரப்பட்டனவா என்று மட்டும் பாருங்கள்.

கடிகாரம்

இறுதியாக, பகலில் தேறி இரவில் தோற்கும் சோதனை. மறுபடி இயக்கியபோது தேறிவிட்டது என்று பலர் கடந்துவிடுகிறார்கள். எங்கள் குழுவிலும் அப்படித்தான் சில வாரங்கள் கடந்தன. சோதனை இயங்கிய சர்வர் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருந்தது. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே செல்வது. நிரல் சர்வரின் தேதியை எடுத்தது, சோதனையோ இந்தியத் தேதியை எதிர்பார்த்தது. ஆகவே நம் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5.30 வரை இரண்டும் ஒரு நாள் வேறுபட்டன. அதிகாலை 4 மணி அந்த இடைவெளிக்குள் வருகிறது. முந்தைய நாள் விலைதான் விவசாயிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. தோற்ற சோதனை உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

நிரலுக்குள் இன்றைய தேதியைத் தேடாமல், அதை வெளியிலிருந்து அளவுருவாகக் கொடுங்கள். கொடுக்கும் இடத்தில் ஆசியா/கொல்கத்தா நேர மண்டலத்தைக் குறிப்பிடுங்கள். பிறகு, சோதனைக்காகக் கடிகாரத்தை நிறுத்த உதவும் ஃப்ரீஸ்கன் நூலகத்தால் அதை இந்திய நேரம் அதிகாலை 4 மணியில் நிறுத்தி ஒரு சோதனையும், 5.31 மணியில் நிறுத்தி மற்றொன்றும் எழுதுங்கள். இரண்டும் தேறியதும், நேர மண்டலக் குறிப்பை ஒருமுறை வேண்டுமென்றே நீக்கி, யூடிசி சர்வரில் 4 மணிச் சோதனை மட்டும் தோற்கிறதா என்று பார்த்துவிட்டு, குறிப்பைத் திரும்பச் சேர்த்துப் பதிவேற்றுங்கள்.