ஹசிதிய தோரா விளக்கங்களைப் படிக்க ஒரு வழி

ஹசிதியம் என்ற யூத ஆன்மிக இயக்கத்தின் ஆசான்களான ரெப்பேக்கள் சொன்னதாக ஒற்றை வரிகள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. அழகான வரிகள்தான். ஆனால் எந்த வசனத்திலிருந்து அந்த வரி வந்தது என்பது பெரும்பாலும் கூடவே வருவதில்லை, அந்த வசனத்தின் மேல் ஏற்கெனவே நடந்திருந்த விவாதமும் வருவதில்லை, அதனால் படிப்பவர் ஒரு பொன்மொழியை ரசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. ஹசிதிய விளக்கம் என்பது ஒரு வசனத்தையோ ஒரு சட்டத்தையோ இறுகப் பிடித்துக்கொண்டு, அதில் நெருடும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தின் வழியாக உள்ளே போகிற வாசிப்பு. பிடித்திருப்பது எதை என்று முதலில் பார்த்துவிட்டால் எபிரேயம் தெரியாத நமக்கும் இந்த நூல்கள் ஓரளவு திறக்கும்.

கொஞ்சம் பின்னணி மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த இயக்கம் 18ஆம் நூற்றாண்டில், இன்று உக்ரைனில் இருக்கும் பகுதிகளில் தொடங்கியது. மெஜிபிஷ் ஊரில் வாழ்ந்து 1760இல் மறைந்த பால் ஷெம் தோவ்தான் மூலவர், அவர் தன் கையால் புத்தகம் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவருடைய சீடரான பொலோன்னே ஊர் ரப்பி (யூத மதகுரு) யாக்கோவ் யோசேஃபின் நூல் 1780இல் அச்சானது, அதுதான் அச்சேறிய முதல் ஹசிதிய நூல். அதில் 'என் ஆசிரியரிடம் கேட்டேன்' என்று வரும் இடங்களில் நமக்குக் கேட்பது பால் ஷெம் தோவின் குரல்.

இந்த நூல்கள் பிறந்த விதத்தைத் தெரிந்துகொள்வது எந்த வரலாற்றுத் தகவலையும்விட உதவும். ரெப்பே பேசியது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷில், பெரும்பாலும் யூதர்களின் ஓய்வுநாள் சாப்பாட்டு மேஜையில் சீடர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது. ஓய்வுநாளில் எழுதுவது சட்டப்படி கூடாது, ஆகவே கேட்டவர்கள் மனத்தில் வைத்திருந்து, நாள் முடிந்து இருட்டிய பிறகு அதை எபிரேயத்தில் எழுதினார்கள். அதாவது நாம் படிப்பது ஒரு வாய்ப்பேச்சின் சுருக்கக் குறிப்பு, அதுவும் வேறு மொழியில். வாக்கியம் பாதியில் அறுந்தால் மிரள வேண்டாம். வசனத்தில் நாலு சொல்லைச் சொல்லிவிட்டு 'முதலியன' என்று விட்டிருந்தால் அந்த வசனத்தை எடுத்து முழுக்கப் படியுங்கள், கேட்டவர்களுக்கு மீதி மனப்பாடம், நமக்கு இல்லை. பல சமயம் விஷயமே அந்த விட்டுப்போன பாதியில்தான் இருக்கும்.

சரி, கையில் என்ன வேண்டும்? ஒரு தமிழ் பைபிள், பழைய மொழிபெயர்ப்பே போதும். அப்புறம் செஃபாரியா என்ற இலவச இணைய நூலகம். அதில் தோரா (பைபிளின் முதல் ஐந்து நூல்கள்), அதற்கு ராஷி என்பவர் எழுதிய உரை, தல்மூத் (யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பு), பல ஹசிதிய நூல்கள் எல்லாம் எபிரேயத்தில் இருக்கின்றன, கணிசமானவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. தமிழ் பைபிளின் வசன எண்கள் சில இடங்களில் எபிரேயத்தோடு ஒத்துப்போகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பலிபீடத்து நெருப்பைப் பற்றிய லேவியராகமம் 6:13 எபிரேயப் பதிப்பில் 6:6. வசனம் சிக்கவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தோரா 54 வாரப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஓராண்டில் வாசித்து முடிக்கப்படுகிறது. ஹசிதிய நூல்களில் பெரும்பாலானவை இந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன, ஆகவே ஒரு வாரப் பகுதியை எடுத்துக்கொண்டு தொடங்குவதே வசதி. நான் எப்போதும் சொல்வது இரண்டாவது பகுதி, நோவா. கதை எல்லோருக்கும் தெரியும், நெருடல் முதல் வரியிலேயே இருக்கிறது.

முதலில் வசனத்தை மட்டும் படியுங்கள், விளக்கத்தைத் திறக்காதீர்கள். ஆதியாகமம் 6:9. நோவா 'தன் காலத்தில் இருந்தவர்களுக்குள்ளே' நீதிமானாக இருந்தான் என்கிறது. நீதிமான் என்றால் போதாதா, 'தன் காலத்தில்' என்று எதற்குச் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வி உங்களுக்கே வர வேண்டும், வரும்வரை வசனத்தோடு இருங்கள். பிறகு ராஷி. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா ஊரில் வாழ்ந்த இந்த உரைகாரர் இல்லாமல் எந்த ஹசிதிய நூலும் நகராது. அவர் இரண்டு மரபுகளைத் தருகிறார். அவ்வளவு கெட்ட காலத்திலேயே நல்லவனாக இருந்தவன், நல்ல காலத்தில் இன்னும் உயர்ந்திருப்பான் என்று புகழ்பவர்கள் உண்டு. அந்தக் காலத்துக்குத்தான் அவன் நீதிமான், ஆபிரகாமின் காலத்தில் பிறந்திருந்தால் ஒன்றுமாக எண்ணப்பட்டிருக்க மாட்டான் என்று குறைத்துச் சொல்பவர்களும் உண்டு.

ஹசிதிய வாசிப்பு இங்கேதான் நுழைகிறது. பெர்டிச்சேவ் ஊர் ரப்பி லேவி இட்ஷாக், தம்முடைய 'கெதுஷாத் லேவி' நூலில், நீதிமான்கள் இரண்டு வகை என்கிறார். ஒருவர் பெரும் ஆவலோடு கடவுளுக்குப் பணிசெய்கிறார், ஆனால் தவறிப்போனவர்களைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை, தன்னளவில் நீதிமான். இன்னொருவர் தானும் பணிசெய்து மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார், ஆபிரகாம் அப்படிப்பட்டவர். இப்போது அதே வசனத்தின் கடைசிப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள்: நோவா தேவனோடே சஞ்சரித்துக்கொண்டிருந்தான். தேவனோடு மட்டும். சோதோமுக்காக ஆபிரகாம் பேரம் பேசுகிறார், மக்களை மன்னிக்காவிட்டால் உமது புத்தகத்திலிருந்து என் பெயரைக் கிறுக்கிப்போடும் என்கிறார் மோசே, நோவாவோ வெள்ளம் வருகிறது என்று கேட்டதும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் பேழையைக் கட்டப் போகிறார். கோட்ஸ்க் ஊர் ஹசிதிய மரபில் இதையே ஒரே வரியில் சொல்வார்கள், ரோமக் கோட்டுக்குள் இருக்கும் நீதிமான் என்று. குளிர் வந்தால் ஒருவர் அடுப்பு மூட்டுகிறார், அறையில் இருக்கும் எல்லோருக்கும் சூடு கிடைக்கிறது, இன்னொருவர் கோட்டைப் போட்டுக்கொள்கிறார். கோட்ஸ்க் ரெப்பே மெனாக்கெம் மெண்டலும் நூல் எழுதி வைக்காதவர், ஆகவே அவர் பெயரில் வரும் எதையும் 'அப்படிச் சொல்லப்படுகிறது' என்ற அளவிலேயே வைத்துக்கொள்வது நல்லது. ஆனாலும் பாருங்கள், இணையத்தில் தனியாக வந்திருந்தால் இந்தக் கோட்டு வரி ஒரு சாதுரியமாக மட்டுமே நின்றிருக்கும். வசனம், ராஷி, பெர்டிச்சேவ் என்று நடந்து வந்த பிறகு அது நம்மைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி ஆகிவிடுகிறது.

அதுதான் அடுத்த படி. எந்த விளக்கத்தைப் படித்தாலும், இது இன்று இருக்கும் ஒரு மனிதனிடம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். ஹசிதிய வாசிப்பில் நோவா, பார்வோன், பேழை, பாலைவனம் எல்லாம் நடந்த கதையாகவும் இருக்கும், இப்போது உள்ளே நடப்பதாகவும் இருக்கும். அதே பகுதியில் பால் ஷெம் தோவின் விளக்கம் ஒன்று இதற்கு நல்ல உதாரணம். எபிரேயத்தில் பேழையைக் குறிக்கும் சொல்லே பிற்காலத்தில் 'வார்த்தை' என்ற பொருளிலும் வழங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு, பேழைக்குள் போ என்பதை, ஜெபிக்கும்போது நீ சொல்லும் வார்த்தைக்குள் முழு உடலோடு போ என்று வாசிக்கிறார். பேழைக்கு ஜன்னல் வை என்றால் வார்த்தை ஒளிரட்டும். கீழ்த்தட்டு, இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு என்று பேழைக்கு மூன்று தட்டுகள் சொல்லப்பட்டிருக்கின்றன அல்லவா, ஒவ்வொரு எழுத்திலும் உலகங்கள், ஆன்மாக்கள், இறைமை என்ற மூன்றும் இருக்கின்றன என்கிறார். இதைப் படிக்கும்போது ஒன்று மறக்கக் கூடாது: வெள்ளமும் மரப்பேழையும் கிடையாது என்று அவர் சொல்லவில்லை. வசனம் தன் நேர்ப்பொருளை விட்டு விலகாது என்பது தல்மூத் வகுத்த விதி, ஹசிதிய ஆசிரியர்கள் அதற்குள் நின்றுதான் பேசினார்கள். உள்பொருள் கிடைத்துவிட்டது, இனி கதை எதற்கு என்று நினைப்பவர்கள் இந்த நூல்களைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

சட்டத்துக்கு வந்தால் இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு முக்கியம். சட்டப் பகுதியைத் தாண்டிக் குதித்து நேரே தத்துவத்துக்குப் போகத்தான் புதிய வாசகருக்குத் தோன்றும். போகாதீர்கள். சட்டத்தின் சின்னச் சின்ன விவரங்களில்தான் ஹசிதிய விளக்கம் குடியிருக்கிறது. யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு முந்தைய இரவு நடக்கும் புளித்தமாவுத் தேடலை எடுத்துக்கொள்வோம்.

தல்மூத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னா. அதன் சட்டம் இது: யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 14ஆம் நாள் தொடங்கும் இரவில், விளக்கு வெளிச்சத்தில், வீட்டில் புளித்த மாவுப் பொருள் இருக்கிறதா என்று தேட வேண்டும். புளித்தது கொண்டுவரப்படாத இடத்தைத் தேட வேண்டியதில்லை. தல்மூத் மேலும் நுணுக்குகிறது. சூரிய ஒளியில் அல்ல, நிலவொளியில் அல்ல, தீவட்டி வெளிச்சத்திலும் அல்ல, ஒற்றை விளக்கின் வெளிச்சத்தில்தான் தேட வேண்டும். தீவட்டியைப் பொந்துக்குள்ளும் இடுக்குக்குள்ளும் கொண்டுபோக முடியாது. பொந்தில் கை எட்டும் தூரம்வரை தேடினால் போதும். தேடி முடித்ததும், என் கண்ணுக்குப் படாத புளித்தமா எதுவாக இருந்தாலும் அது மண்ணின் தூசியைப் போல ஆகட்டும் என்று அரமேய மொழியில் சொல்லித் தள்ளிவிட வேண்டும், கிடைத்ததை மறுநாள் காலையில் எரித்துவிட வேண்டும்.

இதை ஒரு தடவை கண்முன் ஓட்டிப் பார்த்த பிறகு விளக்கத்துக்குப் போங்கள். ஏன் விளக்கு என்பதற்குத் தல்மூத் காட்டும் ஆதாரங்களில் நீதிமொழிகள் 20:27 வருகிறது: மனுஷனுடைய ஆவி கர்த்தர் தந்த தீபம், அது உள்ளத்திலுள்ளவைகளையெல்லாம் ஆராய்ந்துபார்க்கும். ஆக உள்நோக்கிய வாசல் சட்ட விவாதத்திலேயே திறந்துதான் இருக்கிறது. உமது சித்தத்தைச் செய்யவிடாமல் எங்களைத் தடுப்பது மாவில் இருக்கும் புளிப்பு என்று ஒரு ரப்பியின் ஜெபமும் தல்மூத்தில் உண்டு. கிறிஸ்தவப் பின்னணியில் வந்தவர்களுக்கு இங்கே பவுல் சொன்ன புளித்தமா நினைவுக்கு வரும், அதை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு இந்த மரபு தன் வழியில் எங்கே போகிறது என்று பாருங்கள். ஹசிதிய நூல்களில் புளித்தமா என்பது உப்பிப்போன தன்முனைப்பு, புளிப்பில்லா அப்பம் பணிவு. இரண்டுக்கும் அதே மாவு, அதே தண்ணீர்தான். பிசைந்த மாவு கை படாமல் 18 நிமிடம் சும்மா கிடந்தாலே புளித்ததாகக் கணக்கு.

இப்போது விவரங்களுக்குத் திரும்புங்கள், ஒவ்வொன்றும் பேசும். உள்ளத்தின் இடுக்குகளுக்குள் போகச் சின்ன விளக்குதான் உதவும். கை எட்டும் தூரம்வரை தேடுவது நம் பொறுப்பு, எட்டாததை விட்டுக்கொடுத்துவிடலாம். மிஷ்னாவின் அடுத்த வரி எனக்கு மிகவும் பிடித்தது: ஏதாவது சிறு பிராணி புளித்ததை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்குமோ என்று கவலைப்பட வேண்டாம், அப்படிப் பார்த்தால் முற்றத்திலிருந்து முற்றத்துக்கு, ஊரிலிருந்து ஊருக்கு என்று முடிவே இருக்காது. சோர்வும் துக்கமும் பணியைக் கெடுக்கும் என்று ஹசிதிய ஆசிரியர்கள் மறுபடி மறுபடி சொன்னதோடு சேர்த்து இதைப் படிக்கிறேன். தன்னைத் தேடிக்கொள்வதற்கும் ஒரு வரம்பு உண்டு. இவ்வளவுக்கும் பிறகு, அந்த இரவில் ஹசிதியர் ஒருவர் உண்மையான விளக்கை எடுத்துக்கொண்டு உண்மையான அலமாரிக்குப் பின்னால் தேடத்தான் செய்வார். உள்ளத்தைத் தேடிவிட்டேன், வீட்டைத் தேட வேண்டியதில்லை என்று யாரும் சொல்வதில்லை.

உரசலே இல்லை என்றும் சொல்ல முடியாது. மனத்தைத் தயார்செய்யாமல் ஜெபிக்க மாட்டோம் என்று சொல்லிச் சட்டம் வகுத்த நேரத்தைத் தாண்டி ஜெபித்த ஹசிதியர்கள் உண்டு, இயக்கத்தை எதிர்த்த யூதர்களின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1772இல் வில்னாவில் ஹசிதியர்களை விலக்கிவைத்துத் தடை போட்டார்கள். ஆனால் அதே இயக்கத்தின் ஷ்நேயூர் சால்மான்தான் 'தான்யா' என்ற ஆன்மிக நூலையும் எழுதினார், ஒரு முழுச் சட்டத் தொகுப்பையும் எழுதினார். பிரெஸ்லவ் ஊர் ரெப்பே நாக்மானின் சீடர் நாதன் செய்தது இன்னும் சுவாரஸ்யம். சட்ட நூலான 'ஷுல்ஹான் ஆருக்' வரிசையிலேயே ஒவ்வொரு சட்டத்தையும் எடுத்துக்கொண்டு, தன் ஆசிரியரின் போதனையை வைத்து அதை விளக்கி ஒரு பெரிய நூலே எழுதிவைத்தார்.

எதில் தொடங்குவது என்றால், 'தான்யா'வை முதலில் எடுக்க வேண்டாம் என்பேன், அது அத்தியாயம் அத்தியாயமாகக் கட்டிய நூல், நடுவில் நுழைய முடியாது. நாக்மானின் பாடங்கள் மயக்கும், ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிப் போகும், அவையும் பிறகு. 'கெதுஷாத் லேவி' நல்ல வாசல். கூர் ஊர் ரெப்பே யெஹூதா ஆர்யே லெய்ப் ஆல்ட்டரின் 'ஸ்ஃபாத் எமெத்' அதைவிட நல்லது, 1870இலிருந்து ஆண்டுவாரியாகப் பிரித்த சிறு சிறு துண்டுகள், ஒரே பகுதியைப் பற்றி வேறு வேறு ஆண்டில் வேறு வேறு விதமாகப் பேசுகிறார். முடிந்தால் இன்னொருவரோடு சேர்ந்து சத்தமாகப் படியுங்கள், யூதர்கள் படிப்பதே அப்படித்தான், எதிரில் ஒருவர் 'எப்படிச் சொல்கிறீர்கள்?' என்று கேட்கும்போதுதான் நெருடல் வெளியே வரும்.

நீங்களாகச் செய்துபார்க்க லேவியராகமம் 6:12, 13. முந்தைய வசனத்தில் ஆசாரியன் காலைதோறும் விறகு போட வேண்டும் என்கிறது, அடுத்ததில் நெருப்பு எப்பொழுதும் எரிய வேண்டும், அவிந்துபோகக் கூடாது என்று இரண்டு விதமாகச் சொல்கிறது. ஏன் இரண்டு தடவை என்பதை உங்கள் கேள்வியாக எழுதிவைத்துக்கொண்டு ராஷியைப் பாருங்கள். வானத்திலிருந்து நெருப்பு இறங்கினாலும் மனிதனும் கொண்டுவருவது கடமை என்ற தல்மூத் வாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு இந்த வசனங்கள் வரும் வாரப் பகுதிக்கான 'ஸ்ஃபாத் எமெத்'தைத் திறந்து, ஒரே ஓர் ஆண்டின் துண்டை மட்டும் எடுத்து, பலிபீடம் எது, விறகு எது, அதைப் போட வேண்டியவர் யார் என்ற மூன்றுக்கும் அவர் சொல்லும் பதிலைத் தமிழில் உங்கள் வார்த்தையில் எழுதிப் பாருங்கள்.