பழைய ஃப்ளாட் வாங்கப் போகிறீர்களா? கீழ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

நான் பிளம்பர். சென்னையில் ஆதம்பாக்கம், நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம் இருபத்தெட்டு வருஷமாகக் குழாய் வேலை. வீடு வாங்கப் போகிற தெரிந்தவர்கள், "அண்ணே, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். புரோக்கர் ஹாலில் நின்று காற்றோட்டம், வாஸ்து என்று பேசிக்கொண்டிருக்கும்போது நான் பாத்ரூமில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே என்ன பார்க்கிறேன் என்பதைத்தான் எழுதுகிறேன். பத்து, இருபது, முப்பது வருஷம் ஆன அடுக்குமாடி வீடுகளுக்கு மட்டும் இது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்வார்கள். போங்கள். ஆனால் இரண்டாவது தடவை வேலைநாளில், காலை ஏழு மணிக்குப் போங்கள். எல்லா வீட்டிலும் குளிக்கிற நேரம் அது. கிச்சன் குழாய், ஷவர், வாஷ்பேசின் மூன்றையும் ஒன்றாகத் திறந்துவிடுங்கள். ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி இறங்கினால், சுவருக்குள் இருக்கிற ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துருவேறி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். தொண்ணூறுகளில் கட்டிய வீடுகளில் நான் பெரும்பாலும் பார்ப்பது ஜிஐதான். அதை மாற்ற டைல்ஸை உடைக்க வேண்டும். அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துவிடுங்கள், அப்புறம் யாரும் தரமாட்டார்கள். பாத்ரூம் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு நில்லுங்கள். ஓரத்தில் தேங்கினால் வாட்டம் சரியில்லை.

அடுத்ததுதான் முக்கியம், யாரும் செய்யாததும் அதுதான். மூன்றாம் மாடி வீட்டை வாங்குகிறீர்கள் என்றால், இரண்டாம் மாடிக்காரர் கதவைத் தட்டி, "உங்க பாத்ரூம் சீலிங்கை ஒரு நிமிஷம் பாத்துக்கலாமா?" என்று கேளுங்கள். உங்கள் பாத்ரூம் ஒழுகுகிறதா என்பது உங்கள் வீட்டில் தெரியாது, கீழ்வீட்டில்தான் தெரியும். நங்கநல்லூரில் ஒருமுறை அப்படித் தட்டினேன். ஓர் அம்மா கதவைத் திறந்தார். "வாங்கப் போறவங்களா? வாங்க வாங்க, இதைப் பாருங்க" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனார். சீலிங்குக்குக் கீழே கயிறு கட்டி ஒரு பிளாஸ்டிக் பக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக்காரரோடு இரண்டு வருஷமாகச் சண்டையாம். வீட்டை வாங்கினால் அந்தச் சண்டையும் சேர்ந்தே கைக்கு வரும். கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்திருந்தால் மூலையில் மஞ்சள் கறை இருக்கிறதா என்று பாருங்கள். மேல்மாடி வீடு என்றால் மொட்டை மாடிக்கு ஏறி, தரையில் பதித்த தட்டோடு விரிசல் விட்டிருக்கிறதா, மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்திருந்தால் பரவாயில்லை. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுசாக அடித்திருந்தால், அதன் பின்னால் பாத்ரூம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓதத்தை மறைக்கிறார்கள். பீரோவை நகர்த்தச் சொல்லத் தயங்க வேண்டாம், உப்புப் பூத்த சுவர் அதன் பின்னால்தான் இருக்கும். கார் நிறுத்துமிடத்தில் தூண்களைப் பாருங்கள். காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அது பிளம்பர் வேலை இல்லை. இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

வாட்ச்மேனிடமும் பழைய குடியிருப்பாளரிடமும் இரண்டு வருஷத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எத்தனை படி ஏறியது? 2019 கோடையில், ஏரிகள் வற்றிக் கிடந்தபோது, வாரத்துக்கு எத்தனை லாரி வாங்கினீர்கள்? கீழே ஈபி மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டியிருந்தால், ஏன் ஏற்றினார்கள் என்றும் கேளுங்கள். அசோசியேஷன் கணக்கு நோட்டில் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு போகிறது, இந்த வீட்டுக்காரர் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

போர் தண்ணீரைச் சோதிக்கப் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். தண்ணீரில் உப்பெல்லாம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அது காட்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கும் மேலே போனால் ஹீட்டர், குழாய் எல்லாம் சீக்கிரமே உப்புப் படிந்து போகும்.

இவ்வளவும் தெரிந்த நானே ஒரு தடவை ஏமாந்தேன். 2014-இல் எனக்கென்று மூன்றாம் மாடியில் ஒரு வீடு பார்த்தேன். குழாய் பிரமாதம், சம்ப்பு சுத்தம், கீழ்வீட்டு சீலிங் வெள்ளை வெளேர். அன்றைக்கே ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். லோனுக்காக வங்கி அனுப்பிய இன்ஜினியர் பிளானை விரித்து, "இதில் இரண்டு மாடிதானே இருக்கு?" என்றார். நான் வாங்க இருந்த மாடி காகிதத்திலேயே இல்லை. லோன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அட்வான்ஸில் பாதி திரும்பிவர எட்டு மாதம் ஆனது, மீதி வரவே இல்லை. அதனால் பணத்தை எடுப்பதற்கு முன் அப்ரூவ்டு பிளான் நகலை வாங்கி, கீழே நின்று மாடிகளை எண்ணுங்கள். சின்னப் பிள்ளை மாதிரி விரல் நீட்டி எண்ணினாலும் சரி.

பத்திர விஷயம் வக்கீல் வேலை. மூலப் பத்திரம், வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்து, மனையில் உங்கள் பேருக்கு வருகிற பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பதை அவர் பார்க்கட்டும். நாளைக்குக் கட்டடத்தை இடித்தால் மண்ணில் உங்களுக்கு மிஞ்சுவது அந்தப் பாகம்தான். வில்லங்கத்தை, அதாவது வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரத்தை, பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம், முப்பது வருஷத்துக்குப் போடுங்கள். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம், அதற்கு முன் 4 ஆக இருந்தது. ஆக 60 லட்சம் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் தனியாக எடுத்து வையுங்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து நீங்கள்தான் வருமான வரிக்குக் கட்ட வேண்டும். இந்த வரிப் பிடித்தத்துக்கும் பேர் டிடிஎஸ்தான், என் பேனா மீட்டரில் காட்டாது. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் பிடித்தம் வேறு கணக்கு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

சாவி கைக்கு வந்த அன்று, குடிபோவதற்கு முன்னால், வீட்டு மெயின் வால்வை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். பழைய வீட்டில் பெரும்பாலும் திருகவே வராது. பால் காய்ச்சுகிற அன்று குழாய் பிய்த்துக்கொண்டால் மூடுவதற்கு அந்த வால்வு வேண்டும்.