ஊர்ந்து நகரும் கண்கள்: எஸ்சிஏ2 சோதனை

தள்ளாடி நடப்பவரின் பார்வை ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் ஊர்ந்து போனால், பரம்பரை அட்டாக்சியாக்களில் (அசைவின் ஒருங்கிணைப்பு குலையும் நோய்கள்) முதலில் எஸ்சிஏ2-ஐ (ஸ்பைனோசெரிபெல்லார் அட்டாக்சியா, 2-ஆம் வகை) நினையுங்கள். மும்பையில் மருத்துவர்கள் நோஷிர் வாடியாவும் ஸ்வாமியும் 1971-இலேயே ஒன்பது குடும்பங்களில் இதை விவரித்தார்கள். மரபணுச் சோதனையெல்லாம் பிறகு வந்ததுதான்.

முகத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி, நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் 35 செ.மீ.யில் பேனா, வலப்பக்கம் அதே அளவில் விரல். "பேனா... விரல்" என்று மாற்றிமாற்றிச் சொல்லுங்கள். இயல்பான கண்ணில் கருவிழி கிளம்புவதும் சேர்வதும்தான் தெரியும். இங்கே நடுவழியும் தெரியும். உடன் வந்தவர் நோயாளியின் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். தலை திரும்பினாலோ இமைத்தாலோ அந்தத் தடவையை விட்டுவிடுங்கள். தூக்க மருந்தும் தாவலை மந்தமாக்கும், மருந்துச் சீட்டைக் கேளுங்கள்.

அடுத்து, பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தச் சொல்லி, தலையை நீங்களே மெதுவாகத் திருப்புங்கள். கண் ஓரம்வரை தடையில்லாமல் போனால் தசையும் அதன் நரம்பும் நலம். கோளாறு அவற்றுக்கு மேலே, மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில். பக்கவாட்டுத் தாவலுக்குச் சட்டென உந்துதல் தரும் நரம்பணுக்கள் அங்கே அழிந்திருக்கும். விழித்துடிப்பு (கண் தானாகத் திரும்பத் திரும்ப ஆடும் நிஸ்டாக்மஸ்) இல்லையே என்று ஏமாறாதீர்கள்; அதன் வேகவீச்சுக்கும் அதே அணுக்கள்தான் வேண்டும். மேல்கீழ்த் தாவல் முதலில் மந்தமானால் பிஎஸ்பியையும் (புரோகிரசிவ் சுப்ராநியூக்ளியர் பால்சி என்ற இன்னொரு மூளைச் சிதைவு நோய்) யோசியுங்கள்.

எம்ஆர்ஐயில் பான்ஸும் சிறுமூளையும் சுருங்கித் தெரியும். முடிவு சொல்வது ஏடிஎக்ஸ்என்2 மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்துத் துண்டு அடுத்தடுத்து வரும் எண்ணிக்கை: பெரும்பாலோருக்கு 22, நோயில் பொதுவாக 33 அல்லது அதற்கு மேல்.