இதில் வெரோணிக்கா எங்கே என்று தேடாதீர்கள்: நியூமனின் சிலுவைப்பாதையைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் 1958 முதல் 1966 வரை வரைந்த ‘சிலுவைப்பாதை: லெமா சபக்தானி’ வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மொத்தம் 14 ஓவியங்கள். ஒன்றில்கூட முகம் கிடையாது, சிலுவை கிடையாது, வெறும் கேன்வாஸில் மேலிருந்து கீழே ஓடும் கறுப்பு, வெள்ளைப் பட்டைகள்தான். சிலுவைப்பாதை என்பது இயேசு சிலுவை சுமந்து போனதிலிருந்து அடக்கம் வரையிலான காட்சிகளை 14 நிலைகளாகக் காட்டுவது. கிறிஸ்தவக் கோயில் சுவரில் அந்த 14 நிலைகளையும் பார்த்து வளர்ந்தவர்கள் உடனே ஆறாவது படத்தில் வெரோணிக்காவை, இயேசுவின் முகத்தைத் துடைத்த பெண்ணை, தேடுவார்கள். அதுதான் முதல் தவறு. நியூமன் வழிநெடுக நடந்த சம்பவங்களை வரையவில்லை. ‘லெமா சபக்தானி’, அதாவது “ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்று இயேசு சிலுவையில் கேட்டாரே, அந்த ஒரே கேள்விதான் 14 படங்களிலும் இருக்கிறது. அதனால் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ‘புரியவில்லை’ என்று நகர்ந்துவிடாதீர்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டிய வேலை இது.

அடுத்தது, பெரிய படம் என்பதால் தள்ளி நின்று பார்ப்பது. ஒவ்வொன்றும் ஆறரை அடி உயரம், ஐந்தடி அகலம், கிட்டத்தட்ட ஒரு ஆள் கையை விரித்து நிற்கிற அளவு. தன்னுடைய பெரிய படங்களைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும் என்று 1951 கண்காட்சியிலேயே எழுதி வைத்தவர் நியூமன். முதல் நிலைக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இடது ஓரத்தில் கறுப்புப் பட்டை வெட்டினாற்போல் நேராக நிற்கிறது. வலது பக்கத்திலோ மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் இரு பக்கமும் காய்ந்த தூரிகையால் இழுத்து, அப்புறம் டேப்பை உரித்திருக்கிறார். டேப் இருந்த இடம் வெறும் துணியாகக் கோடு போலத் தெரிகிறது, சுற்றிலும் கறுப்பு சிதறிப் பிசிறடித்துக் கிடக்கிறது. நேர்க்கோடும் நடுங்கும் கையும் ஒரே படத்தில். ‘இதை யார் வேண்டுமானாலும் வரையலாம்’ என்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்துக்குக் கிட்டவே வந்திருக்க மாட்டார்கள். போனில் பார்த்தாலும் இதே கதிதான்: துணியின் பழுப்பு நிறமும் பூசிய வெள்ளையும் திரையில் ஒன்றாகிவிடும்.

கறுப்பென்றால் சாவு, வெள்ளையென்றால் உயிர்ப்பு என்று கணக்குப் போடுவதும் வேண்டாம். ஒன்பது, பத்து, பதினொன்றில் வெள்ளை வந்துவிடுகிறது, பன்னிரண்டில் கறுப்பு முன்னைவிடக் கனமாகத் திரும்புகிறது. அந்த எளிய கணக்கு அங்கேயே உடைந்துபோகிறது.

நியூமன் யூதர். யூதருக்குச் சிலுவைப்பாதையில் என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கதறலே பைபிளில் உள்ள 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, யூதர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் ஜெபம். அதோடு 1957இல் மாரடைப்பு வந்து பிழைத்து, அதற்கடுத்த வருடம்தான் முதல் இரண்டு படங்களையும் வரைந்தார் அவர். அப்போது அவை சிலுவைப்பாதை ஆகும் என்று அவருக்கே தெரியாது, நான்காவது படத்தில்தான் பிடிபட்டது. முன்பே போட்ட திட்டத்தை நிரப்பிக்கொண்டு போனார் என்று நினைத்துப் பார்த்தால் அந்தத் தேடல் கண்ணில் படவே படாது.

கடைசியாக, 14 முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். 1966இல் நியூயார்க் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் முதன்முதலாகக் காட்டியபோது இவற்றோடு இன்னொரு படத்தையும் வைத்தார். அதன் விளிம்பில் மட்டும் மெல்லிய சிவப்பு. அதற்கு நிலை எண் கிடையாது. பெயர் ‘Be II’. அந்த ‘Be’யைத் தமிழில் சொன்னால், ‘இரு’.