மெடிக்கல் கோடிங்: வார்டு வேலை தெரிந்தவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

வேலூரில் மருத்துவமனைக் காகிதம் புழங்காத வீடு குறைவு. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்தால் நோயின் பெயர் எங்கே இருக்கும், மருந்துப் பட்டியல் எங்கே இருக்கும் என்று படிக்காத பாட்டிகூடக் காட்டிவிடுவார். இந்த ஊரில் நர்சிங் உதவியாளராகவும் ஆய்வக உதவியாளராகவும் பதிவேட்டுப் பிரிவிலும் வேலை பார்ப்பவர்கள் மெடிக்கல் கோடிங் பக்கம் வருவது இயல்புதான். நானும் வார்டிலிருந்து வந்தவள். உடற்கூறு, நோய், மருந்து எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருப்பது பெரிய பலம். ஆனால் ஓர் இடத்தில் அந்தப் பலமே காலை வாரிவிடும். அந்த இடத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

நான் சொல்வது அமெரிக்கக் காப்பீட்டுக்கான கோடிங். சென்னையில் ஆட்களை எடுக்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவை அந்த வேலையைத்தான் செய்கின்றன. அங்கே மருத்துவர் நோயாளியைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறார். அந்தக் குறிப்பை நாம் குறியீடுகளாக மாற்றுகிறோம். அந்தக் குறியீடுகளை வைத்துத்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கிறது அல்லது மறுக்கிறது. நோய்க் குறியீடுகளின் முதல் எழுத்து ஆங்கில எழுத்து. இங்கே அதை ஒலிக்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன்: ஈ11.22, ஐ12.9, என்18.31 என்று.

முதல் படி: புத்தகங்கள்

நோய்க்கு ஐ.சி.டி.-10-சி.எம். மருத்துவர் செய்த வேலைக்கு சி.பி.டி. ஊசி மருந்து, உபகரணம், ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கு ஹெச்.சி.பி.சி.எஸ். இரண்டாம் நிலை. முதலாவது அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்று அதன் புதிய பதிப்பு நடைமுறைக்கு வரும். சி.பி.டி. அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்கு உரிமையானது. அது ஜனவரி 1 அன்று மாறும்.

அச்சுப் புத்தகத்தில் படியுங்கள் என்பது என் உறுதியான கருத்து. தேடல் பெட்டியில் நோயின் பெயரைத் தட்டினால் ஒரு குறியீடு வந்து நிற்கும். அதற்கு மேலும் கீழும் இருக்கும் குறிப்புகள் கண்ணில் படாது. கோடிங்கின் உயிரே அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது. புத்தகம் வாங்கும்வரை, ஐ.சி.டி. பட்டியலையும் அதிகாரப்பூர்வ வழிகாட்டி நெறிகளையும் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் பழைய பி.டி.எஃப். கோப்புகளைத் தொடவே வேண்டாம். ஓர் எடுத்துக்காட்டு: சர்க்கரை நோயாளி இன்சுலினும் மாத்திரையும் சேர்த்து எடுத்தால் இன்சுலினுக்கு மட்டும் குறியீடு போட வேண்டும் என்று பழைய நெறி சொன்னது. இப்போதைய நெறிப்படி இன்சுலினுக்கு இசட்79.4, மாத்திரைக்கு இசட்79.84 என இரண்டையும் போட வேண்டும். பழைய கோப்பை மனப்பாடம் செய்தவர் பழைய விடையைத்தான் எழுதுவார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்காக நீங்கள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் கேஸ் ஷீட்டைக் கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். பெயரை மறைத்தாலும் எடுக்காதீர்கள். அந்தக் காகிதம் நோயாளிக்குச் சொந்தமான ரகசியம். நாளை நீங்கள் கையாளப்போகும் அமெரிக்கப் பதிவுகளுக்கு நோயாளியின் தகவலைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் பொருந்தும். வேலைத் தளத்துக்குள் கைப்பேசியையே விடமாட்டார்கள். அந்த ஒழுக்கத்தை இப்போதே பழகிக்கொள்வது நல்லது. பயிற்சிப் புத்தகங்களில் கற்பனையான சார்ட்டுகள் (நோயாளிக் குறிப்புகள்) வேண்டிய அளவு இருக்கின்றன.

இரண்டாம் படி: அகரவரிசையில் தேடு, பட்டியலில் உறுதிசெய்

ஐ.சி.டி. புத்தகத்தின் முன்பகுதி அகரவரிசைப் பட்டியல், பின்பகுதி எண்வரிசைப் பட்டியல். முன்பகுதியில் நோயின் பெயரைத் தேடி எண்ணைப் பிடித்து, பின்பகுதியில் அந்த எண்ணுக்குப் போய் உறுதிசெய்ய வேண்டும். முன்பகுதியில் கிடைத்த எண்ணை நேராக எழுதிவிட்டு நகரக் கூடாது. பின்பகுதியில்தான் "இதை முதலில் எழுது", "இதோடு கூடுதலாக ஒன்றைச் சேர்", "இதையும் அதையும் ஒன்றாக எழுதாதே" என்ற கட்டளைகள் இருக்கும்.

மூன்றாம் படி: எங்கே ஊகிக்கக் கூடாது, எங்கே இணைத்தே ஆக வேண்டும்

என்னை நெடுநாள் தடுத்து நிறுத்திய படி இதுதான். வார்டிலிருந்து வரும் எல்லோரையும் தடுப்பதும் இதுதான்.

ஒரு சார்ட்டில் மெட்ஃபார்மின் மாத்திரை எழுதியிருக்கிறது. சர்க்கரை நோய் என்ற சொல் எங்குமே இல்லை. வார்டில் இருந்தவருக்கு உடனே கை துறுதுறுக்கும். எழுதக் கூடாது. மருந்தைப் பார்த்து நோயை எழுதும் உரிமை கோடருக்கு இல்லை. அதேபோல், சிறுநீரக வடிகட்டும் திறன் 52 என்று ஆய்வக அறிக்கை சொல்கிறது. அது நாள்பட்ட சிறுநீரக நோயின் 3ஏ நிலைக்குரிய அளவு என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் மருத்துவர் வெறுமனே "நாள்பட்ட சிறுநீரக நோய்" என்றுதான் எழுதியிருக்கிறார். அப்படியானால் நிலை குறிப்பிடப்படாத என்18.9 மட்டுமே போடலாம். "நிலை 3" என்று மட்டும் எழுதியிருந்தால் என்18.30. "3ஏ" என்று அவரே எழுதியிருந்தால்தான் என்18.31. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேள்வி அனுப்பும் முறை இருக்கிறது; அதைப் பயன்படுத்த வேண்டும்.

இந்தப் பாடத்தை நன்றாக உள்வாங்கியவர்தான் அடுத்த பக்கத்தில் தடுமாறுவார். மருத்துவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"இரண்டாம் வகை சர்க்கரை நோய். உயர் ரத்த அழுத்தம். நாள்பட்ட சிறுநீரக நோய், நிலை 3ஏ. இன்சுலின் தொடர்கிறார், அளவு இன்று மாற்றப்பட்டது."

மூன்று நோய்களும் தனித்தனி வரிகளில் இருக்கின்றன. சர்க்கரையால்தான் சிறுநீரகம் கெட்டது என்று அவர் சொல்லவில்லை. "எழுதாததை எழுதாதே" என்று இப்போதுதானே படித்தோம்? அதனால் தொடக்கநிலையாளர் சிக்கலற்ற சர்க்கரை நோய்க்கு ஈ11.9, ரத்த அழுத்தத்துக்கு ஐ10, சிறுநீரகத்துக்கு என்18.31 என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுவார். இந்த விடை தவறு.

காரணத்தை அகரவரிசைப் பட்டியலிலேயே பார்க்கலாம். சர்க்கரை நோய் என்ற தலைப்பின் கீழ் "உடன்" என்ற சொல் இருக்கும். அதன் கீழே நரம்புப் பாதிப்பு, கண் பாதிப்பு, சிறுநீரக நோய் என்று ஒரு வரிசை வரும். அந்த வரிசையில் உள்ள நோய் அதே நோயாளிக்கு இருந்தால், மருத்துவர் இணைத்து எழுதாவிட்டாலும் இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நெறி. மருத்துவர் "இதற்குக் காரணம் வேறு" என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் இணைக்கக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் இதே கதைதான்.

ஆகவே சரியான விடை: ஈ11.22 (சர்க்கரைச் சிறுநீரக நோய்), ஐ12.9 (ரத்த அழுத்தச் சிறுநீரக நோய்), என்18.31, இசட்79.4 (இன்சுலின்). இதில் ஐ10 வரவே வராது. என்18 பகுதிக்குப் போனால், தொடர்புடைய சர்க்கரைச் சிறுநீரக நோயையோ ரத்த அழுத்தச் சிறுநீரக நோயையோ முதலில் எழுது என்ற கட்டளை இருக்கும். அதனால் என்18.31 அந்த இரண்டுக்கும் பின்னால்தான் வரும். ஈ11.22, ஐ12.9 இரண்டில் எது முன்னால் என்பதை அன்றைய வருகை எதற்காக நடந்தது என்பது முடிவுசெய்யும். இங்கே இன்சுலின் அளவுதான் மாறியிருக்கிறது. சர்க்கரையை முதலில் வைக்கிறோம்.

இரண்டு விதிகளும் முரண்படவில்லை. நோய் இருக்கிறது என்று சொல்லும் அதிகாரம் மருத்துவருக்கு மட்டும். அவர் சொல்லிவிட்ட இரண்டு நோய்களை எப்போது சேர்த்து எழுதுவது என்று சொல்லும் அதிகாரம் புத்தகத்துக்கு. இரண்டிலும் நம் சொந்த மருத்துவ அறிவுக்கு வாக்கு கிடையாது. ஆனால் குறிப்பை வேகமாகப் புரிந்துகொள்ள அது உதவுகிற மாதிரி வேறெதுவும் உதவாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றும் கலந்த சார்ட்டுகளையே தொடர்ந்து எடுத்துப் பயிற்சி செய்யுங்கள். இது பிடிபட்டால் ஐ.சி.டி.யின் மற்ற அத்தியாயங்கள் இலகுவாகிவிடும்.

நான்காம் படி: வருகைக்கு உரிய எண்

மருத்துவர் செய்த வேலைக்கு சி.பி.டி. எண் வேண்டும். வெளிநோயாளி வருகைக்கு, புதிய நோயாளி என்றால் 99202 முதல் 99205 வரை; ஏற்கெனவே வருபவர் என்றால் 99211 முதல் 99215 வரை. மூன்று ஆண்டுகளுக்குள் அதே மருத்துவரையோ, அதே குழுவில் அதே சிறப்புத் துறை மருத்துவரையோ பார்த்திருந்தால் அவர் பழைய நோயாளி. 2021 முதல் மருத்துவ முடிவெடுப்பின் சிக்கலை வைத்தோ, செலவிட்ட நேரத்தை வைத்தோ நிலையைத் தேர்ந்தெடுக்கிறோம். 99201 அந்த ஆண்டே நீக்கப்பட்டுவிட்டது. அது இன்னும் இருக்கும் பயிற்சித் தாளைக் கொடுத்தால், அந்தப் பயிற்சி நிலையத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

முடிவெடுப்பில் மூன்று அளவுகோல்கள்: நோய்ச் சிக்கல்கள், பார்க்கப்பட்ட தரவுகள், சிகிச்சையின் ஆபத்து. மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட நாள்பட்ட நோய்கள், கூடவே மருந்துச்சீட்டு மருந்தின் அளவை மாற்றியது. இரண்டுமே நடுத்தர நிலை. எனவே, ஏற்கெனவே வருபவர் என்றால் 99214.

அன்று முழங்கால் போன்ற பெரிய மூட்டில் ஊசியும் போட்டிருந்தால் 20610 சேரும். அப்போது, வருகை தனியாக மதிப்புடையதுதான் என்று காட்ட 99214க்குப் பக்கத்தில் 25 என்ற மாடிஃபையர் (எண்ணோடு ஒட்டும் கூடுதல் குறி) வேண்டும். ஆனால் சும்மா எல்லா வருகைக்கும் 25 போடும் பழக்கம் வேண்டாம்.

ஐந்தாம் படி: நோயையும் வேலையையும் கோத்தல்

அமெரிக்கத் தனி மருத்துவர்களின் பில் சி.எம்.எஸ்.-1500 என்ற படிவத்தில் போகும். 21ஆம் கட்டத்தில் நோய்க் குறியீடுகள். ஏ முதல் எல் வரை பன்னிரண்டு இடங்கள். 24ஆம் பகுதியில் செய்த வேலைகள், வரிக்கு ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் எந்த நோய் காரணம் என்பதை 24ஈ கட்டத்தில் எழுத்தால் சுட்ட வேண்டும். ஒரு வரிக்கு நான்கு எழுத்துவரை.

நம் நோயாளிக்கு அதே கிளினிக்கில் மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை நடந்தது என்றால் 83036. அதை ஏ-யோடு, அதாவது ஈ11.22 உடன் கோக்க வேண்டும். ரத்த அழுத்தம் இருக்கும் பி-யோடு மட்டும் கோத்தால், ரத்த அழுத்தத்துக்கு ஏன் இந்தப் பரிசோதனை என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கும். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் பணம் வராமல் போவது இப்படித்தான். எளிய பரிசோதனைகளுக்கு மட்டும் உரிமம் பெற்ற கிளினிக் என்றால் 83036க்குப் பின்னால் க்யூ.டபிள்யூ. என்ற மாடிஃபையரும் வேண்டும்.

ஆறாம் படி: திரும்பி வரும் மறுப்புகள்

காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் பதில் அறிக்கையில் காரணக் குறி சி.ஓ. என்று தொடங்கினால் அந்தத் தொகையை நோயாளியிடம் கேட்க முடியாது. பி.ஆர். என்றால் நோயாளி கட்ட வேண்டியது. சி.ஓ. 11: நோயும் வேலையும் பொருந்தவில்லை. சி.ஓ. 16: தகவல் குறைவு. சி.ஓ. 29: காலம் கடந்துவிட்டது, அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேருக்குச் சேவை நாளிலிருந்து ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும். சி.ஓ. 50: மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை. பி.ஆர். 1, 2, 3 ஆகியவை நோயாளியின் பங்குத் தொகைகள். கோடிங் கற்பவர்களும் இவற்றைப் படிக்க வேண்டும். தன் வேலை எங்கே உடைகிறது என்று காட்டுவது இந்த அறிக்கைதான்.

தேர்வும் பயிற்சி நிலையமும்

கோடர்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்பான ஏ.ஏ.பி.சி. நடத்தும் சி.பி.சி. தேர்வுதான் பெரும்பாலோர் எழுதுவது. 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 விழுக்காடு தேர்ச்சி. புத்தகங்களைத் திறந்து பார்க்கலாம். அதனால்தான் அச்சுப் புத்தகத்தில் விரல் பழக வேண்டும் என்கிறேன். அனுபவம் இல்லாமல் தேறினால் பெயருக்குப் பின்னால் பயிலுநர் என்பதைக் குறிக்கும் எழுத்து சேரும். அதற்காகத் தயங்க வேண்டாம்.

நூறு சதவீதம் வேலை என்று விளம்பரம் செய்து, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் நிலையத்தில் சேராதீர்கள். குடியாத்தத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் வரும் பிள்ளைகளின் பெற்றோர் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறார்கள். சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டின் புத்தகத்தை வைத்து நடத்துகிறீர்களா? புத்தகத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பதிவு வந்தபின் சேர்த்தவை

ஆரணியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "நிமோனியாவாக இருக்கலாம்" என்று மருத்துவர் எழுதினால்? வெளிநோயாளி என்றால் நிமோனியா எழுதக் கூடாது. இருமல், காய்ச்சல் போன்ற அறிகுறிகளை எழுதுங்கள். உள்நோயாளியாக இருந்து வீடு திரும்பும்போதும் அப்படியே எழுதியிருந்தால், மருத்துவமனை பில்லில் நிமோனியா இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

காயங்களுக்கான குறியீட்டின் கடைசியில் வரும் ஏழாம் எழுத்து பலரைக் குழப்பியிருக்கிறது. ஏ என்றால் முதல் வருகை என்று பொருள் அல்ல, சிகிச்சை இன்னும் தீவிரமாக நடக்கிறது என்று பொருள். மணிக்கட்டு முறிவுக்கு அவசரப் பிரிவில் கட்டுப்போட்டு, மறுவாரம் வேறொரு மருத்துவர் அறுவை செய்தாலும் ஏ-தான். எலும்பு கூடுகிறதா என்று பார்க்க வரும்போது டி. நீண்டகாலப் பின்விளைவுக்கு எஸ்.

நம் ஊர் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இருப்பவர்களும் எழுதியிருந்தார்கள். அங்கே உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 புழங்குகிறது, அமெரிக்கப் பதிப்பின் நீண்ட எண்களை அப்படியே போட முடியாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைத் தொகுப்பும் முன் அனுமதியும்தான் முக்கியம். தனியார் காப்பீட்டில், ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி பணமில்லாச் சிகிச்சைக்கான அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போதான இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் தர வேண்டும். அதைத் தெரிந்து வைத்திருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு நாள் வாடகை மிச்சமாகும்.

ஐ.சி.டி.-11 வந்துவிட்டதே, இதைப் படித்து என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் அதை 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது உண்மை. அமெரிக்கக் காப்பீட்டு பில்லில் இன்னும் ஐ.சி.டி.-10-சி.எம்.தான் போகிறது. இப்போது தேர்வுக்குப் பணம் கட்டுபவர்கள் அதையே படியுங்கள்.