நடுத்தர விலை போனை எடைபோடுவது எப்படி?

முதலில் ஸ்டோரேஜ் வகையைப் பாருங்கள். 8 ஜிபி ராம் இருந்தும் போன் திணறினால், இஎம்எம்சி என்ற மெதுவான ஸ்டோரேஜ் வகை காரணமாக இருக்கலாம், அதைவிட வேகமான யுஎஃப்எஸ் வகையில் குறைந்தது 2.2 பதிப்பு வேண்டும். விர்ச்சுவல் ராம் என்று கூட்டிக் காட்டுவது ஸ்டோரேஜிலிருந்து வாங்கும் கடன்தான், அதை ராம் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வேகத்தை அறிய 20 நிமிடம் கனமான கேம் ஒன்றை ஓட்டுங்கள். முதல் 5 நிமிடம் எந்தப் போனும் பறக்கும். சூடேறியதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது காட்சி தடுமாறுகிறதா என்பதே கேள்வி.

கேமராவில் மிக அருகில் படமெடுக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸெல்லாம் பேருக்குத்தான். முதன்மைக் கேமராவில் ஓஐஎஸ் (கை அசைவை ஈடுகட்டும் வசதி) இல்லையென்றால் மங்கிய வெளிச்சத்தில் கைநடுக்கம் படத்தைக் கலைத்துவிடும்.

நொடிக்கு 120 முறை காட்சியைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரை நல்லதே, வெயிலில் படிக்க முடிந்தால். செக்யூரிட்டி அப்டேட் ஆண்டுகள் பொதுவாக மாடல் வெளிவந்த நாளிலிருந்தே எண்ணப்படும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.