குளுக்கோமா துளியை எப்படி விடுவது, எந்தத் துளியைக் கேட்டு வாங்கக் கூடாது

முதலில் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், தெரிந்தால் துளியைத் தவற விட மனம் வராது. கண்ணின் முன்பகுதியில் தெளிந்த திரவம் ஒன்று நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலீட்டர் வரை ஊறிக்கொண்டே இருக்கும், அது கருவிழி ஓரத்தில் இருக்கிற சல்லடை மாதிரியான இழையத்தால் வடிந்து இரத்தத்தில் சேர வேண்டும். கொலாஜன், ஃபைப்ரோநெக்டின் போன்ற புரதங்கள் அந்தச் சல்லடையில் அளவுக்கு மிஞ்சிப் படிந்தால் திரவம் வடிவது குறையும், அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். இதுதான் குளுக்கோமா, பெரும்பாலும் வலியே இருக்காது. போன பார்வை திரும்பாது.

மயோசிலின் என்று இன்னொரு புரதம். அதன் மரபணுவில் பிழை இருந்தால் புரதம் சரியாக மடியாமல் சல்லடைக் கலங்களுக்குள்ளேயே தேங்கி அவற்றைக் கெடுக்கும், குளுக்கோமாவோடு இதற்குள்ள தொடர்பு 1997இல் தெரியவந்தது. அப்பாவுக்கோ அம்மம்மாவுக்கோ இந்த நோய் இருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ வேறு கண் கிளினிக்கிலோ நீங்களும் காட்டுங்கள்.

அப்புறம் ஸ்டீராய்டு. படுவான்கரையில் வெள்ளாமை வெட்டும்போது கண்ணில் தூசி விழுந்து சிவந்தால், டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த துளியைப் பார்மசியில் தாங்களாகவே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். சிலருக்கு அது சல்லடைப் புரதங்களைக் கூட்டி அழுத்தத்தை ஏற்றிவிடும்.

சரி, டாக்டர் தந்த துளிக்கு வருவோம். கையைக் கழுவி, அண்ணாந்து பார்த்து, கீழ் இமையை இழுத்து ஒரேயொரு துளி, போத்தல் நுனி கண்ணில் படக் கூடாது. கண்ணை மூடி மூக்கோரக் கண்மூலையை 2 நிமிடம் அழுத்துங்கள், மருந்து உடம்புக்குள் இறங்குவது குறையும். டிமோலோல் என்ற குளுக்கோமாத் துளியைப் பாவிப்பவர்களுக்கு இது மிக முக்கியம், ஆஸ்துமா இருந்தால் அந்தத் துளியைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டாவது துளிக்கு 5 நிமிடம் பொறுங்கள்.

டிமோலோல் திரவம் ஊறுவதைக் குறைக்கிறது. லட்டானோப்ரொஸ்ட் என்ற இன்னொரு துளி கண் தசைக்குள் கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைக் கூட்டி வேறொரு பாதையைத் திறந்துவிடுகிறது. திறக்காத லட்டானோப்ரொஸ்ட் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், திறந்த பிறகு 25 பாகைக்கு மேல் சூடு படக் கூடாது என்பதால் நம் பக்கத்து வெயிலுக்கு அதையும் பெட்டிக்குள்ளேயே வைப்பது நல்லது, உறைய மட்டும் விடாதீர்கள். திறந்த திகதியைப் போத்தலில் எழுதி 4 கிழமையில் மாற்றுங்கள், அடுத்த கிளினிக் நாளுக்கு முன்பே தீர்ந்துபோகும் என்றால் முதலே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.